ஓவர்ரைடு திலகம்

மென்பொருள் அலுவலகம் எதிலும் ஓவர்ரைடு திலகம் ஒருவர் இருப்பார். அடுத்தவர் எழுதிய சர்வீஸ் எதுவும் அவருக்குப் பிடிக்காது; ஆனால் வாய்விட்டுச் சொல்லமாட்டார். அதே பெயரில் தன்னுடையதைப் பதிவு செய்துவிட்டுச் சாதுவாக டீ குடிக்கப் போய்விடுவார். மெயில் போகும்போது லாகில் ஒரு வரி விழவேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். ஃபிரேம்வொர்க்கின் மெயில் கிளாஸை அப்படியே காப்பியடித்து, நடுவில் ஒரு வரியைச் சொருகி, அசலின் நாற்காலியில் நகலை உட்காரவைப்பார். ஆணி அடிக்கக் கூப்பிட்டால் சுவரையே இடித்துக் கட்டும் கொத்தனார் அவர். பிறகு ஒருநாள் அசலில் இருந்த ஓட்டையை அடைத்துப் புதிய பதிப்பு வரும். நகலில் ஓட்டை பத்திரமாக இருக்கும்.

“ஃபிரேம்வொர்க்கே அனுமதிக்கிறதே!” என்பார். பாதி நியாயம்தான். டெஸ்டில் நிஜ மெயில் போகாதிருக்கப் பொம்மை மெயிலரை வைப்பதும் ஓவர்ரைடுதான். வேலையை முழுசாக மாற்றவேண்டிய இடத்தில் அதுவே சரி. தொல்லை, சத்தமில்லாமல் நடப்பதில் இருக்கிறது. டாட்நெட்டில் ஒரே இன்டர்ஃபேஸுக்கு இரண்டு பதிவுகள் இருந்து ஒன்றைக் கேட்டால், கடைசியாகப் பதிந்ததுதான் கிடைக்கும். ஒரே டீமில் இரண்டு திலகங்கள் இருந்தால், யார் வரி கீழே இருக்கிறதோ அவருக்கே ராஜ்யம். 2018-இல் வந்த ஸ்பிரிங் பூட் 2.1, தெரியாமல் நடக்கும் ஓவர்ரைடைத் தடுக்க, ஒரே பெயரில் இரண்டு பீன் (அங்கே சர்வீஸுக்கு அதுதான் பெயர்) இருந்தால் கிளம்பவே மறுத்தது. திலகம் அசரவில்லை, அனுமதி செட்டிங்கை ‘ட்ரூ’ ஆக்கிவிட்டு அடுத்த டீக்குப் போனார்.

இத்தனைக்கும் நல்ல வழி இருக்கிறது. சிம்ஃபனி ஃபிரேம்வொர்க்கில் ‘டெக்கரேட்ஸ்’ என்று அசலின் பெயரைச் சொன்னால், அசல் அழியாமல் உள்ளே நம் கைக்கே வந்து சேரும். லாக் வரியை எழுதிவிட்டு மெயில் வேலையை அதனிடமே தள்ளிவிடலாம். அசலில் ஓட்டை அடைபட்டால் நமக்கும் அடைபட்டதுதான். “அடுக்கு மேல் அடுக்கு ஏறினால் பிழையை எங்கே தேடுவது?” என்று திலகம் மடக்குவார். அடுக்கு கூடினால் தலைசுற்றும் என்பதும், அசலின் உள்வேலையை வெளியிலிருந்து மாற்றமுடியாது என்பதும் உண்மை. ஆனால் எந்த அடுக்கு முதலில் என்பதை முன்னுரிமை எண்ணாக எழுதிவைக்கலாம், பார்த்தால் தெரியும். திலகம் செய்ததோ, அவர் வேலையை விட்டுப் போன பிறகுதான் தெரியவரும். அப்போதும் அதைத் தொட யாருக்கும் துணிச்சல் வராது. அதே பெயரில் இன்னொன்றைப் பதிந்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். திலகங்கள் பிறப்பது இப்படித்தான்.