சி டிரைவுக்கு ஜமாபந்தி

கடலூர் தேவனாம்பட்டினத்தில் இரும்பு வாங்குகிறவர் துருவையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். சில்வர் பீச் காற்று ஜன்னல் கம்பியில் ஆரம்பித்து, சைக்கிள் செயின், கேஸ் அடுப்பின் கால் என்று வரிசையாக விசாரித்துக்கொண்டே வரும். ஓய்வுபெற்ற வி.ஏ.ஓ. ஒருவர் வீட்டில் அது கம்ப்யூட்டர் மேஜை வரைக்கும் வந்துவிட்டது. விண்டோஸ் 7 ஓடும் பழைய பெட்டி. 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் அந்த விண்டோஸைக் கைகழுவிவிட்டது, இவர் கழுவவில்லை. பென்ஷன் வாங்குகிறவருக்கு இன்னொரு பென்ஷன்தாரரைத் துரத்த மனசு வருமா?

பெட்டி மெல்ல மெல்ல மந்தமானது. பேத்தியின் காதணி விழாப் படங்களைத் திறந்தால் நெற்றி தெரியும், மூக்குவரை தெரியும், காது வரவேண்டிய இடத்திலிருந்து கீழே சாம்பல் நிறம். ஒருநாள் காலை திரையில் செக்டிஸ்க்கின் அறிவிப்பு: டிஸ்க்கைச் சோதிக்கப்போகிறேன், வேண்டாமென்றால் 10 விநாடிக்குள் ஏதாவது ஒரு கீயை அழுத்து. அவர் கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் வீட்டம்மா கீபோர்டைத் துடைத்துவிட்டார். சோதனை ரத்து. மறுநாளும் அதே. சுத்தம் சோறு போடும், செக்டிஸ்க் போடாது.

இப்போதாவது கம்ப்யூட்டர் மரியாதையாகச் சொல்கிறது. விண்டோஸ் 98 காலத்தில், எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போய்விட்டால் அடுத்த முறை ஸ்கேன்டிஸ்க் வந்து, முறையாக ஷட் டவுன் செய்யவில்லை என்று வீட்டுக்காரரைக் கண்டிக்கும். அடிக்கடி மின்வெட்டு இருந்த ஊர்க்காரர்கள் செய்யாத குற்றத்துக்கு எத்தனை முறை தலைகுனிந்திருப்பார்கள்! ஒரு விதத்தில், 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரையைக் கடந்து கடலூர் பக்கம் மின்கம்பங்களையெல்லாம் சாய்த்துப்போட்ட நாட்கள்தான் இந்த ஊர் ஹார்டு டிஸ்க்குகளுக்குப் பொற்காலம். பல நாள் கரண்டே இல்லை. வராத கரண்ட் போவது எப்படி?

லாரன்ஸ் ரோட்டிலிருந்து மெக்கானிக் தம்பி வந்தார். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர், டிஸ்க்கைக் கழற்றி ஃப்ரீசரில் வைத்தால் சரியாகிவிடும் என்று வைத்தியம் சொல்லியிருந்தார். உலகம் முழுக்கச் சுற்றிய வைத்தியம்தான். வெளியே எடுத்தவுடன் கடலோரத்து ஈரக்காற்று அதன்மேல் முத்து முத்தாக வியர்க்கும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

தம்பி மூடியைத் திறந்து டேட்டா கேபிளைப் பிடுங்கிக் காட்டினார். தங்க முலாம் இருக்கவேண்டிய இடத்தில் பச்சைப் பொட்டு. “பாதி பிரச்சன இங்கதான் சார்.” வேறு கேபிள் மாட்டி, டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவை ஓட்டினார். மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கை. சி7 வரியில் ஏறியிருந்த எண் கேபிளின் புண்ணியம். சி5 வரியில் இருந்தது டிஸ்க்கே வாசிக்கத் திணறும் செக்டர்களின் எண்ணிக்கை. இரண்டும் வேறு வேறு வியாதி.

“செக்டிஸ்க் போட்டா டிஸ்க்கு சரியாயிடுமா தம்பி?”

“டிஸ்க்கு சரியாவாது சார். கணக்கு சரியாவும்.”

வி.ஏ.ஓ.வின் முதுகு நிமிர்ந்தது. முப்பது வருஷ சர்வீஸில் அவர் பார்த்ததும் இதைத்தானே! ஏட்டில் ஒன்று இருக்கும், வயலில் வேறொன்று இருக்கும். இரண்டையும் ஒப்பிட்டு நேர்செய்ய ஆண்டுதோறும் தாலுகா ஆபீஸில் ஜமாபந்தி. எந்த ஃபைல் எங்கே என்று எழுதிவைத்த பட்டியல்தான் டிஸ்க்கின் ஏடு. ஒரே இடத்துக்கு இரண்டு ஃபைல் உரிமை கொண்டாடினால் அது இரட்டைப் பட்டா. சொந்தக்காரர் பெயர் அழிந்துபோன துண்டுகளை ‘ஃபவுண்ட்.000’ என்ற ஃபோல்டரில் போடுவது அநாதீனம். எழுதப் படிக்க ஆகாத இடத்தை இனி யாருக்கும் ஒதுக்காதே என்று குறித்துவைப்பது புறம்போக்கு. 500 ஜிபி டிஸ்க்கில் 512 பைட் வீதம் 97 கோடியே 67 லட்சம் செக்டர் என்று தம்பி சொன்னதும் அவர் கண்கள் விரிந்தன. அத்தனை சர்வே எண்!

இந்த ஊர்ப் பெருமை ஒன்றை அவர் விடமாட்டார். 1690-ல் ஆங்கிலேயர் மராத்தியரிடம் செயின்ட் டேவிட் கோட்டையை வாங்கியபோது, சுற்றுவட்ட எல்லையைச் சங்கிலி போட்டு அளக்கவில்லை. பீரங்கி வெடித்து, குண்டு விழுந்த தூரம்வரை தங்களுடையது என்றார்கள். குண்டு கிராமங்கள் என்ற பெயரே அதனால்தான். “அப்படி அளந்த ஊர்ல உக்காந்து இப்படியொரு அளவையைப் பாக்கறேன் பாரு,” என்றார். தம்பி கேட்டுக்கொண்டே படங்களை வெளி டிஸ்க்கில் காப்பி போட்டார். சாகக்கிடக்கும் டிஸ்க்கை முழுசாகச் சோதிப்பது அதன் மிச்ச உயிரையும் வாங்கலாம். அதனால் காப்பி முதலில், செக்டிஸ்க் பிறகு. இந்த வரிசையை மாற்றிச் செய்து அழுதவர்கள் ஊரில் நிறைய.

‘செக்டிஸ்க் சி: /ஆர்’ என்று அடித்தால் ஐந்து கட்டம். முதல் மூன்றும் ஏட்டைப் புரட்டுவது; சட்டென்று முடிந்துவிடும். நான்காவது, ஃபைல்கள் குடியிருக்கும் ஒவ்வோர் இடத்தையும் வாசித்துப் பார்ப்பது. ஐந்தாவது, காலி இடத்தை. டிஸ்க் விநாடிக்கு 120 சுற்றுச் சுற்றியும் நான்காம் கட்டம் 11 சதவீதத்தில் உட்கார்ந்துகொண்டது. வாசிக்க மறுக்கும் செக்டரைத் திரும்பத் திரும்ப முயல்வதால் வரும் தாமதம். அந்த நேரத்தில் சுவிட்சை அணைப்பதுதான் பெரிய ஆபத்து. வீட்டம்மா சிதம்பரம் போய் நடராஜரைப் பார்த்துவிட்டு வந்தார். 27 சதவீதம். “எனக்கு தரிசனம் ஆச்சு. உங்களுக்கு?”

இரவு எப்போதோ முடிந்து, பெட்டி தானே ரீஸ்டார்ட் ஆகி, அறிக்கையையும் மறைத்துவிட்டது. அது ஈவென்ட் வியூவரில் ‘வின்இனிட்’ என்ற பெயருக்குள் ஒளிந்திருக்கும். பலருக்குத் தெரியாத இடம். ஆனால் ஆபீஸ் பீரோவில் காணாமல்போன ஃபைலைத் தேடியே தலை நரைத்தவருக்கு அது ஒரு விஷயமா? தேடி எடுத்து, பிரின்ட் போட்டு, பச்சை மையில் கையெழுத்திட்டு, பஞ்ச் செய்து கோத்துவிட்டார். ஃபவுண்ட்.000-க்குள் கிடந்த சில ‘.சிஎச்கே’ துண்டுகளுக்கு ‘.ஜேபிஜி’ என்று பெயர் மாற்றியதில் பேத்தியின் ஒரு காது கிடைத்தது. இடது காது.

ஒரு வாரத்தில் சி5 எண் இன்னும் ஏறியிருந்தது. தம்பி எஸ்எஸ்டி மாட்டினார்.

“பழசை எக்ஸ்சேஞ்சுல எடுத்துக்கறேன் சார். எல்லாத்தையும் டெலிட் பண்ணிட்டீங்கல்ல?”

“பட்டாவுல பேரை அடிச்சா நிலம் எங்கயும் போயிடாது தம்பி,” என்று டிஸ்க்கை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினார். தள்ளுபடி இல்லாமல் தம்பி பில் எழுதினார்.