ரூபாயா, டாலரா?

சிங்கப்பூரிலிருந்து சொகுசுக் கப்பல் பயணம் போகிறோம். கார்டு மெஷின் 'ரூபாயா, டாலரா?' என்று கேட்டால் எதைத் தொடுவது?
– வாசகர், அம்பத்தூர்

கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்கக் கூடாது. கப்பல் மெஷினில் ரூபாய் மேல் கை வைக்கவே கூடாது! தொட்டால் மாற்று விகிதத்தை அவர்களே போட்டு, தங்கள் லாபத்தையும் அதிலேயே சேர்த்துவிடுவார்கள். டாலரைத் தொடுங்கள்.

டாலரைத் தொட்டாலும் நம் வங்கிகளின் பல கார்டுகளில் 3.5 சதவீதம் வரை மார்க்கப் (நாணய மாற்றுக் கட்டணம்) உண்டு. அந்தக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. 1,000 ரூபாய் செலவுக்கு 41 ரூபாய் வரை கூடுதல்! இதைத் தவிர்க்க, கப்பல் கணக்கு எந்த நாட்டு டாலரில் என்று முன்கூட்டியே கேளுங்கள். அதே டாலரை நிரப்பிய ஃபாரெக்ஸ் கார்டை அம்பத்தூரிலேயே வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.