சேப்பாக்கத்தார்

சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரகடம் ரோடு பிரிகிற இடத்தில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் கூட்டத்தில் ஒருவரை மட்டும் பையன்கள் 'சேப்பாக்கத்தார்' என்பார்கள். பிறந்தது மதுராந்தகம் பக்கம். சேப்பாக்கத்தில் அவருக்கு இருப்பது மூன்று நாற்காலி. கிளப் உறுப்பினரான சகலை புண்ணியத்தில் ஐபிஎல் சீசன் முழுக்க, டிக்கெட்டில் போட்டிருக்கும் விலைக்கே கைக்கு வந்துவிடும்.

மார்ச் பிறந்தால் ஆளே மாறிவிடுவார். லீவு லெட்டரைத் தூக்கி எறிந்த சூப்பர்வைசர், கேன்டீனில் இவருக்கு வடை வாங்கி நீட்டுவார்.

"டிக்கெட் இருக்காண்ணே?"

"பாக்கலாம் தம்பி. சகலைகிட்டக் கேக்கணும்."

கேட்கும்போதே டிக்கெட் பர்ஸில்தான் இருக்கும். பாடலாத்ரி நரசிம்மர் கோயிலில் அர்ச்சகர் திருமண்ணை விலக்கி நெற்றிக்கண்ணைக் காட்டுவாரே, அந்த மாதிரி ஓரத்தை மட்டும் காட்டி மூடிவிடுவார். தரிசனம் ஆனதும் பையன் கன்னத்தில் போட்டுக்கொள்ளாததுதான் பாக்கி.

2025-இல் 1,700 ரூபாய் டிக்கெட். பஞ்சாப் வந்தால் அதே விலை, கூட ஒரு பிரியாணி. மும்பையோ பெங்களூரோ வந்தால் 6,000. அதை லாபம் என்று சொல்லிவிட்டால் கோபம் வரும். "சகலைக்கும் மனசு வரணும்ல?"

சேப்பாக்கத்தில் கள்ள டிக்கெட் விற்றவர்கள் கைது என்று பேப்பரில் வந்தால் போதும், டீக்கடையே அதிரும். "இவனுங்களாலதாம்பா ஏழைப் பையன் மேட்ச் பாக்க முடியல!" நடிப்பில்லை, நிஜமாகவே கொதிப்பார்.

அவருக்கும் ஒரு நியாயம் உண்டு. "ஏழு மேட்சுக்கும் மொத்தமா முன்னாடியே பணம் போடறேன். நாலு மேட்சுக்கு ஈ ஓட்டறேன். அந்த நஷ்டத்தை நீ தருவியா?"

2025-இல் அந்த நஷ்டம் நேரிலேயே வந்தது. மும்பையைச் சென்னை ஜெயித்ததும் விலையை ஏற்றினார். மார்ச் 28 பெங்களூரு ஆட்டத்தில், 6,000 கொடுத்துப் போன கான்ட்ராக்ட் பையனுக்கு தோனி ஒன்பதாவது ஆளாகத்தான் இறங்கினார். ஏப்ரல் 11-இல் சென்னை 103 ரன், கொல்கத்தா 10.1 ஓவரில் அடித்து முடித்துவிட்டது. பாதி ஆட்டம்தானே, பாதிப் பணம் கொடுங்கள் என்றான் ஒருவன். "ஓவர் கணக்குல நான் விக்கலப்பா" என்றார். சொந்த மைதானத்தில் வரிசையாக ஐந்து தோல்வி. பஞ்சாப் ஆட்டத்துக்கு பிரியாணியை அவரே வாங்கித் தருவதாகச் சொன்னார், ஆள் சிக்கவில்லை. ராஜஸ்தான் ஆட்டம் டெல்லிக்கே போய்விட்டது.

பாவம் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனால் விற்காத டிக்கெட்டை வைத்துக்கொண்டு ரயிலேறிப் போய் ஆட்டம் பார்த்திருக்கலாமே? போகமாட்டார். கடல் காற்று எந்தப் பக்கம் அடிக்கும், எந்த வரிசையில் தூண் மறைக்கும் எல்லாம் சொல்வார். எல்லாம் சகலை சொன்னது. பார்க்கிறவனுக்காகப் போட்ட நாற்காலி, பார்க்காதவர் கையில் விலை ஏறிக்கொண்டிருக்கிறது. முன்பணம் போட்டதாலேயே அது நியாயமாகிவிடாது.

2025 செப்டம்பர் 22 முதல் ஐபிஎல் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 40 ஆகிவிட்டது. "கவர்மென்டே நாற்பது எடுக்குது, நான் எடுத்தா மட்டும் தப்பா?" என்று இப்போதே ஆரம்பித்துவிட்டார். அடுத்த மார்ச்சில் அவரிடம் போகிறவர்கள், வடை வாங்கும் முன்பு டிக்கெட்டை முழுசாகக் காட்டச் சொல்லுங்கள்.