இந்த மாதம் எந்த மார்க்கம்?

போனை எடுத்ததும் அவர் சொல்லும் முதல் வார்த்தையை வைத்தே இப்போது எந்தச் சபையில் இருக்கிறார் என்று கண்டுபிடித்துவிடலாம். "வாழ்க வளமுடன்" என்றால் வேதாத்திரி மகரிஷி வழி. காயகல்பப் பயிற்சி நடந்துகொண்டிருக்கும், அரை மணி கழித்துக் கூப்பிடுவது நல்லது. "சாய்ராம்" என்றால் வியாழக்கிழமை ஆளைப் பிடிக்க முடியாது. "அருட்பெருஞ்ஜோதி" என்றால் வீட்டில் மீன் குழம்பு நின்றுவிட்டது, மனைவி கோபமாக இருக்கிறார். "சிவாயநம" என்றால் பேச்சு நீளும். சில வாரங்கள் வெறும் "ஹலோ" வரும். அது இடைக்காலம். பழைய சபையை விட்டாயிற்று, புதியது இன்னும் அமையவில்லை. கைமாற்றுக் கேட்பதென்றால் அப்போது கேட்டுவிட வேண்டும். மற்ற நாட்களில் பணம் மாயை என்று சொல்லி அனுப்பிவிடுவார்.

இவரை உங்களுக்கும் தெரியும். மின்வாரியத்திலோ வங்கியிலோ ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் கரையேறிவிட்டார்கள். கடவுள் உண்டா இல்லையா என்ற விசாரம் எல்லாம் கிடையாது. உண்டு என்று அந்தக் கோப்பை எப்போதோ மூடிவிட்டார். கூடப் போக ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

"பக்கத்து வீட்டு மோசஸ் சார் ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் போகலைன்னா, திங்கக்கிழமை காலையில ரெண்டு பேர் வந்து உடம்புக்கு என்னன்னு கேக்கறாங்க. நான் ஆறு மாசம் பிரதோஷத்துக்குப் போகலைன்னா நந்தி வந்து கேக்குமா தம்பி?"

கேட்காதுதான். பெரிய கோயில்களின் அமைப்பே அப்படி. வரிசையில் ஆயிரம் பேர் நிற்கிறோம், ஆயிரம் பேரும் தனித்தனி. அர்ச்சனைத் தட்டோடு பெயரும் நட்சத்திரமும் சொன்னால் போதும். அடுத்த நிமிடம் அர்ச்சகருக்கு அது மறந்துபோகும். ஆகவே இவர் புறப்பட்டதில் தப்பில்லை. புறப்பட்டவர் எங்கேயும் உட்காரவில்லை என்பதுதான் விஷயம்.

அவர் பீரோவைத் திறந்தால் தமிழ்நாட்டின் பக்தி வரலாறு மடித்து வைக்கப்பட்டிருக்கும். ஐயப்பனுக்குக் கறுப்பு, மேல்மருவத்தூருக்குச் சிவப்பு, பழநிப் பாதயாத்திரைக்குப் பச்சை, வடலூருக்கு வெள்ளை. எதையும் தூக்கிப் போட மாட்டார். திரும்பப் போக நேரலாம் அல்லவா?

முதலில் அடையாறு பிரம்மஞான சபை. அமைதியான இடம், பெரிய ஆலமரம். 1989 காற்றில் தாய்மரம் சாய்ந்துபோயும் விழுதுகள் தாங்கி நிற்கின்றன. அங்கே அவருக்கு ஒரே குறை, யாரும் பேசவில்லை. நூலகத்தில் அவர் தும்மியபோதுகூட ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லையாம்.

அங்கிருந்து ஜே. கிருஷ்ணமூர்த்தி. 1909-இல் அடையாறு கடற்கரையில் கண்டெடுத்த பையனை உலக குருவாக்க ஓர் அமைப்பே கட்டினார்கள். அவரோ 1929-இல் அதைக் கலைத்துவிட்டு, உண்மைக்குப் பாதை கிடையாது, எந்த அமைப்பும் உங்களை அங்கே கொண்டுசேர்க்காது என்று சொல்லிவிட்டார். நம்மவர் உருகிப் போனார். "கூட்டமே வேண்டாம்னு சொன்ன ஒரே மனுஷன்!" என்று தெருத்தெருவாகச் சொல்லி, அதை விவாதிக்க ஒரு கூட்டம் சேர்த்தார். மாதச் சந்தா, செயலாளர், பொருளாளர் எல்லாம் உண்டு. பொருளாளர் கணக்குக் காட்டவில்லை என்று மூன்றாவது கூட்டத்தில் சபை கலைந்தது. கிருஷ்ணமூர்த்தி கலைத்த முறையில் கொஞ்சம் நாகரிகம் இருந்தது.

வடலூர் அவரை நிஜமாகவே உலுக்கிவிட்டது. 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை, வந்தவர்க்கெல்லாம் சோறு, யாரும் சாதி கேட்பதில்லை. தருமச்சாலையில் சாப்பிட்டுவிட்டு ஞானசபைப் பக்கம் நடந்தார். கொலை, புலை தவிர்த்தவர்கள் மட்டுமே உள்ளே வரவேண்டும் என்று எழுதியிருந்தது. முந்தின ஞாயிறு வஞ்சிரம். வெளியே நின்றே கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். இந்த இடத்தில் அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. அந்த எழுத்தைப் படித்துவிட்டு நிற்பவர் எத்தனை பேர்?

ஊர் வந்ததும் மீனை விட்டார். அடுத்த தைப்பூசத்தில் ஏழு திரை விலக்கிய ஜோதியை உள்ளே நின்றே பார்த்தார். மாசியில் மருமகன் வந்தான், மாமியார் வஞ்சிரம் வறுத்தார். "ஜீவகாருண்யம்னா மனுஷ ஜீவனையும் சேர்த்துத்தானே? மாப்பிள்ளையைத் தனியா சாப்பிட விடறது தர்மமா?" என்று கேட்டுக்கொண்டே இலையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பிறகு திருவாசக முற்றோதல். 51 பதிகம், 658 பாடல், காலையில் தொடங்கினால் சாயங்காலம்வரை. எல்லாரும் எல்லாரையும் "ஐயா", "அம்மா" என்கிறார்கள், மத்தியானச் சாப்பாடும் பிரமாதம். இதில் நிலைத்துவிடுவார் என்றே நினைத்தேன். ஒரு நாள், "உயிர் வேறு, இறை வேறுன்னு சித்தாந்தம் சொல்லுது. எனக்கு அத்வைதம்தான் ஒத்துவரும்" என்று விலகிவிட்டார். விசாரித்ததில், மண்டபத்தில் நாற்காலி கிடையாது. தரையில்தான் உட்கார வேண்டும். அவர் சபை மாறுவதற்குச் சொல்லும் காரணம் எப்போதும் தத்துவம்தான். முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

இந்த நிலையில் சிறுநீரகக் கல் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தார். பழைய சபைகளின் வாட்ஸாப் குழுக்கள் எதிலிருந்தும் அவர் விலகியதில்லை. எல்லாவற்றிலிருந்தும் கூப்பிய கைகள் வந்து குவிந்தன. நேரில் வந்தது தெருமுனைப் பிள்ளையார் கோயில் பெண்கள். ஒருத்தி ரசம் சாதம், ஒருத்தி வெந்நீர் ஃபிளாஸ்க், ஒருத்தி ராத்திரி துணைக்கு. இன்ஷூரன்ஸ் கவுன்டரில் ஒருத்தி போட்ட சண்டை தனிக்கதை.

"இவங்கள்லாம் எந்த மார்க்கம்?" என்று மனைவியைக் கேட்டார்.

"வெள்ளிக்கிழமை மார்க்கம்."

அந்த அம்மாள் பல வருடமாக வெள்ளிதோறும் அங்கே விளக்கு பூஜைக்குப் போகிறார். 108 போற்றி, சுண்டல், அப்புறம் பேச்சு. யார் வீட்டில் பிரசவம், யார் பிள்ளைக்குப் பீஸ் கட்டவில்லை, எல்லாம் அங்கே தெரியும். சீட்டும் ஓடுகிறது. இதையெல்லாம் ஆன்மிகத்தில் சேர்க்கலாம் என்று நம்மவருக்கு இதுவரை தோன்றியதில்லை.

டிஸ்சார்ஜ் ஆன அடுத்த வெள்ளி, வேட்டி சட்டையோடு போய் நின்றார். "நானும் சேர்ந்துக்கலாமா?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவர்தான் பதில் சொன்னார்: "நீங்களும் வந்து உட்கார்ந்துட்டா நாங்க யாரைப் பத்திண்ணா பேசறது?"

இப்போதைக்கு எண்ணெய் டின் தூக்கிவரும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள். 108 போற்றியை ரொம்ப வேகமாகச் சொல்கிறார்கள், பாவம் கூடவில்லை என்று அவருக்குக் குறை. எழுத்தில் கொடுத்திருக்கிறாராம். இரண்டாவது கோரிக்கை, நாற்காலி.