சும்மா நடப்பவர்கள்

தோட்டத்தில் சும்மா நடக்கும் உரிமை அந்தக் காலத்தில் தொரைக்கும் தொரையின் நாய்க்கும்தான் இருந்தது. மற்ற எல்லாரும் எங்காவது போய்க்கொண்டிருக்க வேண்டும். பெரட்டுக்கு, மலைக்கு, இஸ்டோருக்கு, கோயிலுக்கு, இருட்டினால் தவறணைக்கு. கையில் கூடையோ கத்தியோ இல்லாமல் தேயிலைக்கு நடுவே ஒருவன் அகப்பட்டால் "எங்கடா போற?" என்று கேள்வி வரும். "சும்மா" என்று சொன்னால் போச்சு. எதையோ திருடப் போகிறான், அல்லது திருடிவிட்டு வருகிறான் என்று கணக்கப்பிள்ளை முடிவுகட்டிவிடுவார்.

நான் சொல்வது 1970களின் கடைசி. நமுனுகுலை மலையின் அடியில் ஒரு தோட்டம். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துவிட்டிருந்தது. வெள்ளைத் தொரைமார் கப்பலேறி, நம் நாட்டுத் தொரைமார் வந்திருந்தார்கள். கால்சட்டை, முழங்கால் மேசு, கைத்தடி, நாய் எல்லாம் பங்களாவோடு சேர்த்துக் கைமாறியிருந்தன. எங்கள் தொரையிடம் இருந்தது ஓர் அல்சேஷன். அதைக் காலையும் மாலையும் காட்டோரம் வரை கூட்டிப்போய் வருவதற்கென்றே பங்களாவில் ஒரு பையன். அவனுக்குப் பேர் விழும். ஒரு நாள் சம்பளத்தைத் தோட்டத்தில் பேர் என்போம். மழையடித்துக் கொழுந்து குறைந்தால் என் அம்மாவுக்கு அரைப்பேர்தான். நாயோடு நடந்தவனுக்கு அடைமழையிலும் முழுப்பேர். காட்டையும் அருவியையும் பார்த்துக்கொண்டு நாயோடு நடப்பதற்குக் காசு வாங்கிய முதல் ஆள் ஊவா மாகாணத்தில் இவன்தான் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன்.

வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் அவனுடைய பரம்பரை நீளமானது என்று தெரிந்தது. சாமுவேல் பேக்கர் என்ற வெள்ளைக்காரர் 1840களின் கடைசியில் நுவரெலியாவில் வந்து குடியேறினார். கூடவே வேட்டைநாய்க் கூட்டம். நாய்கள் மரையைத் துரத்தும். ஓடிக் களைத்த மரை ஓடையிலோ அருவியடிக் குட்டையிலோ இறங்கி நிற்கும். நாய்கள் வளைத்துக்கொண்டு குரைக்க, பேக்கர் கத்தியோடு தண்ணீரில் இறங்குவார். இதையெல்லாம் அவரே புத்தகமாக எழுதிவைத்துவிட்டுப் போனார். நாய்களைப் பிடித்துக்கொண்டு மேடு பள்ளமெல்லாம் அவர் பின்னால் ஓடியவர்களும் இருந்திருப்பார்கள் அல்லவா? ஹோர்ட்டன் சமவெளியில் இருக்கும் அருவிக்கு வைத்திருப்பது பேக்கரின் பெயரைத்தான். 1988இல் அந்தச் சமவெளி தேசியப் பூங்காவாகிவிட்டது. இப்போது நாயை உள்ளே விடமாட்டார்கள். பேக்கரே எழுந்து வந்தாலும் டிக்கெட் எடுத்துக்கொண்டு தனியாகத்தான் தன் அருவியைப் பார்க்கப் போகவேண்டும்.

பதுளைக்கென்று சொந்தமாகவும் ஒருவர் உண்டு: மேஜர் ரொஜர்ஸ். ரோடு போட்டார், வரி வாங்கினார், நடுவில் 1,400க்கு மேல் யானை சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். பதுளையிலுள்ள புனித மாற்கு ஆலயம் அவர் நினைவாக எழுந்தது. யானைகளுக்கு யாரும் எதுவும் கட்டவில்லை.

எங்கள் லயத்திலும் ஒரு நாய் இருந்தது. மணி. ரொட்டியின் கருகின ஓரமும் கருவாட்டுத் தலையும் அதற்குச் சம்பளம். கட்டிப்போடக் கயிறு கிடையாது. இருந்த கயிறெல்லாம் விறகுக்கு வேண்டியிருந்தது. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அம்மாயியோடு நானும் மணியும் விறகுக்குப் போவோம். கடைசி லயத்தைத் தாண்டி, சவுக்கு நிழலில் தேயிலை மலை ஏறி, டர்பன்டைன் மரங்களுக்கு அப்பால் மானாப்புல் ஆள் உயரம் நிற்கும். அதற்குள் நுழைந்து வெளியே வந்தால் காடு. காட்டுக்குள் ஓர் ஓடை. ஓடை ஓரிடத்தில் பாறையிலிருந்து கீழே விழும். அந்த அருவிக்குப் பெயரில்லை. "தண்ணி விழுற எடம்" என்போம்.

இப்போது அதைப் படமெடுத்துப் போட்டால் ஆயிரம் பேர் இதயம் போடுவார்கள். அம்மாயிக்கு அந்த இடம் ஆகவே ஆகாது. தண்ணீர்ச் சத்தத்தில் வாச்சர் வருவது காதில் விழாது என்பதே காரணம். அதனால் அங்கே விறகு கட்டும்போது அம்மாயி மணியின் காதைப் பார்த்துக்கொண்டே கட்டுவார். காது இரண்டும் ஒரு பக்கம் திரும்பினால் போதும், கட்டு புதருக்குள் போய்விடும். நாங்கள் மூலிகை தேடுகிறவர்கள் ஆகிவிடுவோம்.

அட்டைக்கும் அங்கே பஞ்சமில்லை. குச்சி நுனியில் உப்புப் பொட்டலம் கட்டி அம்மாயி கையில் வைத்திருப்பார். நடந்துகொண்டே காலில் ஒற்றிக்கொள்வார். மனுசருக்கு அது போதும். நாய்க்குத்தான் ஆபத்து. ஈர இலையை மோந்து மோந்து போகும்போது அட்டை மூக்குக்குள் ஏறிவிடும். மணி ரெண்டு நாள் தும்மும், முன்னங்காலால் மூக்கைத் தேய்க்கும், ஒரு துளையில் மட்டும் ரத்தம் கசியும். அம்மாயி அவசரப்படமாட்டார். அரை நாள் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்து, பிறகு சிரட்டையில் குளிர்ந்த தண்ணீரை மூக்கடியில் பிடிப்பார். நாய் நக்கத் தொடங்கும். சற்று நேரத்தில் துளைக்குள்ளிருந்து கறுப்பு நூல்போல ஒன்று தண்ணீரைத் தேடி எட்டிப் பார்க்கும், உள்ளே போகும், மறுபடி கொஞ்சம் நீளும். சாம்பல் தொட்ட இரண்டு விரல் அதற்காகத்தான் காத்திருக்கும். ஒரே பிடி. பங்களா நாய்க்கு இதே வந்தபோது பதுளையிலிருந்து மிருக வைத்தியரைக் கார் வைத்துக் கூட்டிவந்தார்கள் என்று கேள்வி.

விசர் நாய்ப் பயம் வந்த வருசம் லயத்து நாய்களைச் சுடுவதற்கு ஆள் வந்தார்கள். கழுத்தில் பட்டி இருந்த பங்களா நாய் வராந்தாவில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. நாங்கள் மணியின் வாயைத் துணியால் கட்டி, காம்பராவின் மூலையில் விறகுக்குப் பின்னால் ஒளித்துவைத்தோம். அது முனகவே இல்லை. அடுத்த மாரிக்குள் சிறுத்தை வந்து தூக்கிப்போய்விட்டது. அரசாங்கம் விட்டுவைத்ததைக் காடு எடுத்துக்கொண்டது. நாய்களைக் கொல்லும் வழக்கத்தை நாடு நிறுத்தியது 2006இல்.

இனி இந்தக் காலம்.

என் அக்காவின் பேரன் எல்லயில் வழிகாட்டி. நாங்கள் விறகுக்கும் சினிமாவுக்கும் ஓடின குறுக்குப் பாதைகளில் வெள்ளைக்காரர்களைக் கூட்டிப்போவது அவன் தொழில். பீக்கோ டிரெயில் என்று ஒன்று வந்திருக்கிறது: ஹந்தானையில் தொடங்கி அப்புத்தளை, எல்ல, தெமோதரை என்று சுற்றி நுவரெலியாவில் போய் முடிகிறது. 300 கிலோமீட்டருக்கு மேல், 22 பகுதி. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் பணம் கொடுத்தனவாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேயிலை போன பாதைகள் என்று அதை அறிமுகப்படுத்துகிறார்கள். தேயிலைப் பெட்டி தானாகவே கால் முளைத்துப் போனது என்று நினைக்கத் தோன்றும். ஆனாலும் சொல்லவேண்டும், பாதையை நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள். என் அப்பா காலத்தில் வழுக்கி விழுந்த இடங்களில் இன்று படி இருக்கிறது.

இந்த மாற்றத்தில் வேலை உயர்வு கிடைத்தது நாய்களுக்குத்தான். எல்ல நாய்கள் விடியற்காலையில் கடைத்தெருவில் நின்று, முதுகுப்பையோடு வருகிறவர்களை ஏற இறங்கப் பார்த்து, ஒரு கூட்டத்தைத் தேர்ந்தெடுத்து முன்னால் நடக்கத் தொடங்கிவிடும். எல்ல ரொக் போகிறவர்கள் கொஞ்ச தூரம் தண்டவாளத்தோடு நடக்கவேண்டும். ரயில் நமக்குக் கேட்பதற்கு முன்பே நாய் இறங்கிப் புல்லோரம் உட்கார்ந்துவிடும். படமெடுக்கும் மும்முரத்தில் யாராவது நின்றால் திரும்பி ஓர் அதட்டல். உச்சியில் பிஸ்கட், திரும்பி வந்தால் கோழித்துண்டு. புதியவரைக் கண்டால் குரைப்பதற்கென்று வளர்த்த வம்சம், புதியவரைத் தவிர வேறு யாரோடும் நடக்க மறுக்கிறது. உள்ளூர்க்காரன் நான் "வா" என்று கூப்பிட்டேன். என் பையைப் பார்த்தது, கொட்டாவி விட்டது.

அவற்றைக் குறை சொல்லமாட்டேன். 2024இல் தோட்டத்தில் பேர் 1,350 ரூபாயானது. அதற்கே எத்தனை வருசப் பேச்சுவார்த்தை, எத்தனை போராட்டம்! எல்லயில் ஒரு காப்பியும் ஒரு துண்டுக் கேக்கும் அந்த முழுப்பேரை விழுங்கிவிடும். நாய் கணக்குத் தெரிந்த பிராணி.

துன்ஹிந்தவுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப்போன காலத்தில் காட்டு வழியும் குரங்கும்தான். 64 மீட்டர் அருவி அப்படியேதான் விழுகிறது. வழிநெடுக சோளப்பொத்தி, வெரலிக்காய் அச்சாறு, டிக்கெட் கவுண்டர். அங்கே நாயைவிடக் குரங்குக்கு வருமானம் கூட.

தியலுமவைப் பற்றி மட்டும் இப்படி விளையாட்டாக எழுத வரவில்லை. கொஸ்லந்தைப் பக்கத்து அருவி, 220 மீட்டர். மேலே பாறைக் குட்டைகளில் குளிக்கப் பொடியன்களும் பெண்பிள்ளைகளும் பூணாகலைப் பக்கமிருந்து இறங்குகிறார்கள். அதே கொஸ்லந்தைப் பக்கத்தில்தான் மீரியாபெத்தை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில், மழையில் ஊறிய மலை லயங்கள் மேல் இறங்கியது. பலரைத் தோண்டியும் எடுக்க முடியவில்லை. மலையிலிருந்து தண்ணீர் விழும் ஓசை கேட்டு லயத்தில் படுத்துக் கிடந்தவர்களுக்கு அதில் அழகு தெரிய நேரம் ஆகும். எனக்கு ஓய்வூதியம் வரும் வயது ஆயிற்று.

இப்போது நானும் நடக்கிறேன். டொக்டர் நடக்கச் சொன்னார், மகள் வெளிநாடு போகும்போது தன் லெப்ரடோரை என்னிடம் விட்டுப் போனாள். நல்ல சப்பாத்து, கைத்தடி, கொழுத்த நாய். பேரன் என்னைப் பார்த்துவிட்டு, "தாத்தா, மேசு மட்டும்தான் கொறைச்சல்" என்றான். பிறகு தொழில்காரனாகப் புத்தி சொன்னான்: "நாய அவுத்து விட்டுறாதீங்க. பன்னிக்கு வச்ச சுருக்குக் கம்பி எங்கயும் கெடக்கும்." உண்மைதான். 2020இல் நல்லதண்ணிப் பக்கம் அப்படியொரு கம்பியில் மாட்டியே கருஞ்சிறுத்தை ஒன்று செத்தது. குளவிக்கூட்டை நாய் கலைத்துவிட்டால் அது தப்பி ஓடிவிடும், கொட்டு வாங்குவது பக்கத்து மலையில் கொழுந்து எடுக்கும் பெண்கள். ஆகவே என் நாய் கயிற்றில்தான் நடக்கிறது, மணி பார்த்திருந்தால் சிரித்திருக்கும்.

போன மாசி மாதம் பழைய தோட்டத்துப் பக்கமே போனேன். டர்பன்டைன் மரத்தடியில் விறகுக் கட்டோடு ஒரு வயசான அக்கா இளைப்பாறிக்கொண்டிருந்தார். என்னையும் நாயையும் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். எனக்குக் கூசிப்போயிற்று.

"எங்கங்க தொரை போறீங்க?"

"தொரை இல்லக்கா. மூணாம் லயம். சும்மாதான் வந்தேன்."

கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். என் அம்மாயியின் பேரைச் சொல்லி, அவர் பேரனா என்று கேட்டார். ஆமென்றேன். எழுந்த மரியாதை அத்தோடு உட்கார்ந்துவிட்டது.

"சும்மாதானே போறீங்க தம்பி? அப்ப இந்தக் கட்டத் தூக்கிக்கிட்டு லயம் வரைக்கும் வாங்க. நாய நான் புடிச்சிக்கிறேன்."

தூக்கினேன். கட்டு கனமாகவே இருந்தது. கழுத்தை வளைக்க முடியாமல் இறங்கிக்கொண்டிருந்தபோது எதிரே இரண்டு வெள்ளைக்காரர்கள். நின்றார்கள், கைகூப்பினார்கள், படம் எடுத்தார்கள். முதலில் நாயை, அப்புறம் அக்காவை, கடைசியில் என்னை. போகும்போது ஒருவர் ஐந்நூறு ரூபாய்த் தாளை என் பக்கம் நீட்டினார். நான் மறுத்துத் தலையாட்டப் பார்த்தேன், தலையில் விறகு.

பின்னாலிருந்து அக்காவின் குரல்: "வாங்குங்க தம்பி. நாய்க்குப் பாதி, எனக்குப் பாதி."