மட் ஃப்ளாப் மாட்டியாச்சா?

புதுக் கார் எடுத்தவரிடம் விலைக்கு அடுத்தபடியாக ஊர் கேட்கும் கேள்வி, "மட் ஃப்ளாப் போட்டாச்சா?" கார் ஆக்சஸரி கடைகள் வரிசைகட்டும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வண்டியை நிறுத்திப் பாருங்கள்; நீங்கள் பதில் யோசிப்பதற்குள் ஒருவர் டயரருகே குந்தி ஸ்க்ரூ முடுக்கத் தொடங்கியிருப்பார்.

டயருக்குப் பின்னால் தொங்கும் இந்த மடலால் பயன் இல்லாமல் இல்லை. டயர் வாரியடிக்கும் ஜல்லி, கதவின் அடிப்பக்கப் பெயின்ட்டைக் கொத்தாது. பின்னால் பைக்கில் வருகிறவரின் வெள்ளைச் சட்டையும் தப்பிக்கும். காசு நம்முடையது, பலனில் பாதி முன்பின் தெரியாதவருக்கு. பலருக்கு மனசு வராதது அதனால்தான் போலும்.

விவகாரமே வேகத்தடையில்தான். சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் (IRC) சொன்ன அளவு 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். நம் தெருக்காரர்களோ உயரத்தில் தாராளம், அகலத்தில் சிக்கனம். குடும்பமே ஏறிய கார் அதைத் தாண்டும்போது 'சர்ரக்'! ரிவர்ஸ் எடுத்தால் ஃப்ளாப் டயருக்கும் மேட்டுக்கும் நடுவே சிக்கி, ஸ்க்ரூவோடு பிய்ந்து வரும். மழைக்குப் பின் இடுக்கில் அடையும் சேற்றைக் கழுவாவிட்டால் துரு இலவசம்.

மாட்டுவதானால் உங்கள் மாடலுக்கென்றே வார்த்ததை, ஏற்கெனவே இருக்கும் ஓட்டையில் மாட்டுங்கள். பாடியில் புதுத் துளை போடக் கடைக்காரர் டிரில்லைத் தூக்கினால், சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.