மண்டைக்கு ஒரு புட் வால்வு

நிலக்கோட்டைப் பக்கம் கிணற்றில் மோட்டார் போட்டிருக்கும் யாரையும் கேளுங்கள். ஏறிய தண்ணீர் திரும்ப இறங்கக் கூடாதென்றால் புட் வால்வை மாட்டு என்பார். இதே விஷயம் வைத்திய உலகப் பெரும்புள்ளிகளின் மண்டைக்குள் ஏற இரண்டாயிரம் வருஷம் ஆனது.

தலையில் நீர் கோத்தால் பச்சைப் பிள்ளையின் தலை பெருத்துக்கொண்டே போகும். உச்சிக்குழி புடைக்கும். கருவிழி கீழே சொருகும். குடித்த பாலெல்லாம் வாந்தி. தண்ணீர் மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே நிற்கிறது என்றார்கள் பண்டைய மேதைகள். திறந்து பார்க்கத்தான் ஆளில்லை. ஆக்ஸ்பர்க் நகரில் இறந்த இரண்டு வயதுப் பெண் குழந்தையின் தலையைத் திறந்து பார்த்த உடற்கூறு வல்லுநர் வெசாலியஸ், தண்ணீர் மூளையின் உள்ளறைகளில்தான் இருக்கிறது என்று 1555-ல் எழுதினார். சரி, அதற்கப்புறமாவது உருப்பட்டார்களா? பேதிக்குக் கொடுத்தார்கள். பாதரசம் கொடுத்தார்கள். தலையைத் துணியால் இறுக்கிக் கட்டினார்கள். ஊசி குத்தி நீரை இறக்கினால் மறுபடி ஊறியது. ஊறாமல்? வளர்ந்த ஆளின் மூளைக்குள் தினமும் அரை லிட்டர் நீர் சுரக்கிறது. போகிற வழி அடைத்தால் தேங்கத்தானே செய்யும். 1918-ல் அமெரிக்க சர்ஜன் வால்டர் டாண்டி, நீர் சுரக்கும் சதையையே வெட்டியெடுத்துப் பார்த்தார். பிள்ளைகளில் பெரும்பாலோர் தங்கவில்லை.

குழாய் வைத்து நீரை ரத்தத்தில் விடலாம்தான். ரத்தம் எதிரே ஏறி வந்து உறைந்துவிடுமே! இந்த முடிச்சை அவிழ்த்ததில் ஒரு பெரும்பங்கு பேராசிரியர்களுடையதல்ல. பிலடெல்பியா பூட்டுக் கம்பெனி டெக்னீஷியன் ஜான் ஹோல்ட்டரின் மகன் கேசிக்கு இதே நோய். ஒரு பக்கம் மட்டும் திறக்கும் சிலிக்கோன் வால்வை 1956-ல் தன் கையாலேயே செய்தார். 1960-ல் நியூயார்க்கில் டாக்ஸி மோதியதில் எழுத்தாளர் ரோல்டு டாலின் நாலு மாத மகனுக்கும் தலையில் நீர் கோத்தது. வைத்த வால்வு அடைத்துக்கொண்டே இருந்தது. கதைக்காரர் சும்மா இருப்பாரா? பொம்மை விமான எஞ்சின் செய்யும் ஸ்டான்லி வேடையும், சர்ஜன் கென்னத் டில்லையும் பிடித்து, 1962-ல் எளிதில் அடைக்காத வால்வு ஒன்றைக் கொண்டுவந்துவிட்டார். அதற்குள் மகனுக்கு அது தேவைப்படவில்லை. ஊரார் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பிழைத்தன.

நம் பங்கும் உண்டு. உத்தரப்பிரதேசத்து ஷாஜகான்பூரில் தயாராகும் சாப்ரா ஷண்டையும் (நீரை வடிக்கும் வால்வுக் குழாய்), அமெரிக்க ஷண்ட் ஒன்றையும் உகாண்டாவில் 195 பிள்ளைகளுக்கு வைத்து ஒப்பிட்டு, 2005-ல் முடிவை வெளியிட்டார்கள். அப்போது நம்முடையது 35 டாலர், அவர்களுடையது 650. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. மிச்சம் 615 டாலர் எதற்கென்று இன்னும் யாரும் விளக்கக் காணோம்.